ஹெல்மெட் போட்டவரிடம் கதவைப் பற்றிப் பேசாதீர்கள்

வணக்கம், வணக்கம். தலையில் தெரிவது சிமெண்ட் தூசி, நரை இல்லை. நாங்கள் கட்டும் வீட்டின் சைட்டில்தான் நிற்கிறேன். போன வீடியோவில் படிக்கட்டைப் பற்றி இருபது நிமிடம் புலம்பியதற்கே "அக்கா, போதும்" என்று கமெண்ட் போட்டீர்கள். இன்று வெறும் ஒரு சுவிட்ச் பெட்டி. ஆனால் படிக்கட்டைவிட இதுதான் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது.

இது படுக்கையறை வாசல். நிலை வைத்தாகிவிட்டது, கதவு இன்னும் மாட்டவில்லை. அதனால் என் கையைக் கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். இதோ, நிலையில் கீலுக்கு வெட்டிய இடம். இங்கிருந்து திறக்கிறேன்... திறந்தாயிற்று. இப்போது விளக்கைப் போட வேண்டும். நேற்று சுவிட்ச் போர்டு எங்கே இருந்தது? என் கைக்குப் பின்னால்! அதாவது தினமும் ராத்திரி இருட்டில் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதன் பின்னால் தடவித் தடவி சுவிட்சைத் தேட வேண்டியிருக்கும். சுவரை வெட்டி, பைப் புதைத்து, பெட்டியும் வைத்து முடித்திருந்தார்கள்.

நேற்று பார்த்ததும் எலக்ட்ரீஷியன் தம்பி மேல் பாய்ந்தேன். அவர் அமைதியாக பிளானைக் காட்டினார். பிளானில் போர்டு அங்கேதான் இருக்கிறது. அடுத்து தச்சரிடம் போனேன். "நீங்கதானேம்மா மாத்தச் சொன்னீங்க" என்றார்.

ஆ, இதைச் சொல்லவே மறந்துவிட்டேன். பிளானில் கதவு எதிர்ப்பக்கம்தான் திறந்தது. பாத்ரூம் கதவோடு இடிக்கும் என்று மாற்றச் சொன்னது நான்தான். எப்போது சொன்னேன் தெரியுமா? காண்ட்ராக்டர் ஹெல்மெட் மாட்டி, வண்டியைக் கிளப்பிய பிறகு. அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பார்த்துக்கலாம் மேடம்" என்றார். பக்கத்தில் நின்ற தச்சர் காதில் அது தெளிவாக விழுந்தது. அவர் நிலையை மாற்றி வைத்தார். எலக்ட்ரீஷியனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆக, எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அதுதான் இன்னும் எரிச்சல், திட்டக்கூட ஆள் இல்லை.

இந்தப் "பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையை சைட்டில் தடை செய்ய வேண்டும். அதற்குச் சரி என்றும் அர்த்தம் உண்டு, முடியாது என்றும் உண்டு, காதில் விழவில்லை என்றும் உண்டு. நான் ஆறு மாதமாக அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் வழக்கம் இது. காண்ட்ராக்டரோடு எது பேசினாலும், அன்று ராத்திரியே ஒரே மெசேஜ். "இன்று பேசியது: படுக்கையறைக் கதவின் கீல் இடப்பக்கம், அதனால் போர்டு வலப்பக்கம்." கூடவே பிளானில் அந்த இடத்தை வட்டம் போட்டு ஒரு படம். மாற்றம் என்றால் கூடுதலாக எவ்வளவு ஆகும், எத்தனை நாள் தள்ளும் என்ற இரண்டு கேள்வியும் அதிலேயே. அவர் பதில் போட்ட பிறகுதான் வேலை. "சின்ன வேலைதானே, இதையும் சேர்த்துப் போட்டுடுங்க" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேன். சின்ன வேலைகள் எல்லாம் சேர்ந்து கடைசி பில்லில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கொத்தனார், தச்சர் யாரிடமும் இனி நேராக மாற்றம் சொல்வதில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லக் கூடாது. அவர் காலையில் ஒன்று சொல்வார், நான் சாயங்காலம் வேறொன்று சொல்வேன். பாவம், வேலை செய்பவர் யார் பேச்சைக் கேட்பார்?

அப்புறம் இன்னொன்று, "தரையிலிருந்து 4 அடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தரை? இப்போது நான் நிற்கும் கரடுமுரடான தரையா, மேலே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டிய தரையா? இரண்டுக்கும் சில அங்குலம் வித்தியாசம் வரும். டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய், பிடித்து எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், பாருங்கள். இந்தக் கோட்டிலிருந்து அளந்து சொன்னால் குழப்பமே இல்லை. என் மஞ்சள் அளவுநாடாவைக் கிண்டல் செய்தவர்கள் இப்போது மன்னிப்புக் கேட்கலாம்.

கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்றிவிட்டேன். "கியூரிங் ஆச்சா?", அதாவது கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டாச்சா என்றால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "நேற்று கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டீர்கள்?" என்று கேட்டால் யோசிப்பார்கள், உண்மை வரும். கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும், அது 28 நாள் கழித்து எட்டும் பலத்தைத்தான் கணக்கில் வைக்கிறார்கள். அங்கே ஏமாந்தால் சுவிட்ச் பெட்டி மாதிரி பெயர்த்து வைக்க முடியாது.

சரி, இப்போது நல்ல செய்தி. இன்று காலை நான் பல் தேய்ப்பதற்குள் காண்ட்ராக்டரிடமிருந்து ஒரு படம் வந்தது. இதோ, இந்த அடுத்த அறைச் சுவர்தான். சாக்பீஸில் பெரிதாக ஒரு அம்பு, கீழே அவர் கையெழுத்தில் "கதவு இப்படித் திறக்கும்". இந்தப் பக்கம் ஒரு கட்டம் போட்டு, "போர்டு". நான் கேட்கவே இல்லை! "வெட்டலாமா மேடம்?" என்று கேள்வி வேறு. ஐந்து முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வெட்டலாம் அண்ணா" என்று அனுப்பினேன். சும்மா இல்லை, ஆறு மாதத்தில் முதல் முறையாக அவர் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்.

படுக்கையறைப் போர்டையும் வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள். பழைய ஓட்டையை அடைத்து, மேலே பூசும்போது விரிசல் விடாமல் இருக்கக் கம்பி வலை வைத்திருக்கிறார்கள். இன்னும் ஈரம். காயும் வரை தொடக்கூடாது என்று காண்ட்ராக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், மெசேஜிலும் போட்டிருக்கிறார். இதோ இந்த விரல் தடம்... அது என்னுடையதுதான்.