நெட்டையான பிள்ளைக்கு ஒரு எக்கோ

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஒல்லியாக, நெடுநெடுவென்று ஒரு பிள்ளை வந்து நின்றால், முதலில் வாலிபால் டீமுக்குத்தான் இழுக்கிறோம். இழுங்கள், தவறில்லை. அதற்கு முன் ஒரு நிமிடம் அந்தக் கையைப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களை மூடச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனி, சுண்டுவிரல் பக்கம் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? கைகளை விரித்தால் உயரத்தைவிட நீளமாக இருக்கிறதா? நெஞ்சு குழிந்தோ புடைத்தோ இருக்கிறதா? கண்ணாடியின் பவர் மிக அதிகமா? இவையெல்லாம் மார்ஃபான் என்ற மரபணு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். ஒன்றை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் இதய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் ஆடியவர். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே, பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து இறந்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றார்கள். பிரேதப் பரிசோதனையில்தான் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், கிழிந்தது தெரிந்தது. மார்ஃபான் நோய். உயிரோடு இருந்தவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே கோளாறு. அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள்.

ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. திசுக்களுக்கு வலுக்கொடுக்கும் ஃபைப்ரில்லின் என்ற புரதத்துக்கான மரபணுவில் பிழை. அதனால் இதயத்திலிருந்து கிளம்பும் இடத்தில் பெருந்தமனி, பழைய சைக்கிள் டியூப் போல மெல்ல மெல்ல உப்பும். வலிக்கவே வலிக்காது, அதுதான் கொடுமை. எக்கோவில், அதாவது இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். பீட்டா பிளாக்கர் அல்லது லோசார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரையால் உப்புவதைத் தாமதப்படுத்தலாம்; 5 சென்டிமீட்டரை நெருங்கும்போது, கிழிவதற்கு முன்பே, நிதானமாக நாள் குறித்து அறுவை செய்யலாம். இதே போன்ற வேறு மரபணு நோய்களும் உண்டு. லோய்ஸ்-டீட்ஸ் நோயில் இன்னும் குறைந்த அளவிலேயே கிழியலாம். எஹ்லர்ஸ்-டான்லோஸின் இரத்தக்குழாய் வகையில் உப்பாமலேயே வெடிக்கலாம், அதற்கு எக்கோ மட்டும் போதாது.

பெற்றோரில் ஒருவருக்கு மார்ஃபான் இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. கால்வாசிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே புதிதாக வருகிறது. அதனால் "எங்க வீட்டில் யாருக்கும் இல்லை" என்று பெற்றோர் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மைதானத்தில் இப்படி ஒரு பிள்ளை, திடீரென்று நெஞ்சைக் கிழிப்பது போல வலி, முதுகுவரை போகிறது என்றால், "கேஸ்" என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். கூடவே போங்கள். "பெருந்தமனி கிழிந்திருக்குமோ, சிடி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.