ஹாரன் யாரைப் பார்த்து அலறுகிறது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வண்டி ஓட்டுபவரின் கோபத்துக்குக் காரணம் சாலையா, மனமா என்பதுதான் கேள்வி. மனம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி நெரிசல், வெயில், குண்டும் குழியும் என்று அடுக்கிவிட்டுப் போனார். வெயிலை நான் மறுக்கவில்லை. 1986-இல் வெளியான ஓர் ஆய்வு. இடம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம். பச்சை விழுந்த பிறகும் ஒரு காரை வேண்டுமென்றே நகர்த்தாமல் நிறுத்தினார்கள். சூடு ஏற ஏற, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்ததும் ஏறியது. கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தச் சூட்டை நேராக வாங்கியவர்களிடம்தான் இது அதிகம் தெரிந்தது. சரி, வெயில் கோபத்தைக் கூட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கோபம் யார் மேல் பாய்கிறது? அதையும் பார்க்க வேண்டாமா?

1968-இல் ஆன்டனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். அதிலும் பச்சை விழுந்தும் நகராத கார்தான். ஒரு முறை பளபளக்கும் விலை உயர்ந்த கார், இன்னொரு முறை பழைய, மங்கிப்போன கார். பழைய காரைப் பார்த்ததும் சீக்கிரமே ஹாரன் அலறியது. பெரிய காருக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுத்திருந்தார்கள். பழைய காரை இரண்டு பேர் பின்னாலிருந்து வந்து இடித்தே விட்டார்கள்! எதிரணியினரைக் கேட்கிறேன்: சாலைதான் காரணம் என்றால், சிக்னலும் தாமதமும் ஒன்றாக இருக்கும்போது ஹாரன் மட்டும் ஏன் ஆள் பார்த்து ஒலிக்கிறது? எளியவர் என்று நினைத்தால் சீறுவதும், பெரியவர் என்று நினைத்தால் அடங்குவதும் தாரும் ஜல்லியும் கற்றுக்கொடுத்த பாடமா?

நாம் குறுக்கே புகுந்தால் அது அவசரம். அடுத்தவர் புகுந்தால் திமிர். நமக்குக் காரணம் உண்டு, அவருக்குக் குணம்தான் உண்டு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மனம் செய்யும் இந்தப் பிழைக்கு 1977-இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் ஒரு பெயரே வைத்தார். நடைபாதையில் தோள் இடித்தால் "மன்னிச்சிடுங்க" என்று சொல்லி நகர்கிற அதே மனிதர்தான், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் மாறிவிடுகிறார். தன் முகம் யாருக்கும் தெரியாது என்ற தைரியம் அது. கூரையை மடக்கக்கூடிய வண்டிகளை வைத்து 1995-இல் ஓர் ஆய்வு வெளியானது. கூரையை மூடி ஓட்டியவர்கள் சீக்கிரமாகவும் நீளமாகவும் ஹாரன் அடித்தார்கள். திறந்து வைத்திருந்தவர்கள் அந்த அளவுக்கு அடிக்கவில்லை.

ஆய்வுகளை விடுங்கள், நான் கண்டதைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். வண்டி கொஞ்சம் குலுங்கினாலே அம்மா முகத்தைச் சுளித்தார். மெதுவாகத்தான் ஓட்டினேன். பின்னால் ஒருவர் ஹெட்லைட்டை விட்டு விட்டு அடித்தார். அப்புறம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இடம் கிடைத்ததும் எங்கள் பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கி, வாய்க்கு வந்தபடி கத்த ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு அம்மா திரும்பினார். ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு. ஒரு கை சீட் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தது.

அந்த மனிதரின் வாய் பாதி வார்த்தையில் நின்றுவிட்டது. அதே வெயில், அதே நெரிசல், நடுவர் அவர்களே. சாலையில் எதுவும் மாறவில்லை. அவர் கையை உயர்த்தி ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்து எங்களை முன்னால் விட்டார். அடுத்த திருப்பம் வரை எங்கள் பின்னாலேயே வந்தார், ஹாரன் அடிக்காமல்.