யோக்கோஹாமாவில் பிறந்த மர்மக்கதைக்காரி

நேயர்களுக்கு வணக்கம்.

என் இருபதாவது வயதில் மயிலாப்பூரில் ஒரு வாடகை நூலகத்தில் உறுப்பினராக இருந்தேன். நூலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டறை. புத்தகத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, ஒரு வாரம் கெடு. பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள் ஒரு சுவரில். எதிர்ச்சுவரில் ஆங்கில பாக்கெட் புத்தகங்கள். அந்த வரிசையில் ஒரே மாதிரி அட்டை போட்ட புத்தகங்கள் நிறைய இருக்கும். நள்ளிரவு. குன்றின் மேல் ஒரு பெரிய வீடு. வீடு முழுக்க இருட்டு, ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு. அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தபடி ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள். யார் எழுதிய கதையானாலும் அதே வீடு, அதே விளக்கு, அதே ஓட்டம். நூலகக்காரர் அந்த வரிசைக்கே 'ஓடுற பொம்பள புக்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரு மழை நாளில் வேறு புத்தகம் கிடைக்காமல் அதில் ஒன்றை எடுத்துப்போனேன். எழுதியவர் பெயர் ஃபிலிஸ் விட்னி. அட்டையைப் பார்த்துவிட்டு, ஓடுகிற பெண் எந்தப் பக்கத்தில் வருவாள் என்று தேடித் தேடிப் படித்தேன். அவள் ஓடவே இல்லை. போகாதே என்று எல்லோரும் சொல்கிற வீட்டுக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். போனவள், உண்மை தெரியும்வரை வெளியே வர மறுக்கிறாள்.

அந்த ஃபிலிஸ் விட்னியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். முதல் புத்தகம் 1941-ல். கடைசி நாவல் 1997-ல். இடையில் எழுபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள்.

விட்னி அமெரிக்கர். ஆனால் பிறந்தது ஜப்பானில், யோக்கோஹாமாவில், 1903 செப்டம்பர் 9 அன்று. பெற்றோர் அமெரிக்கர்கள். குழந்தைக்கு நடுப்பெயராக 'அயாமே' என்று வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் ஐரிஸ் பூவுக்கு அந்தப் பெயர். ஜப்பான், பிலிப்பைன்ஸ், சீனா என்று வளர்ந்தார். 1918-ல் சீனாவில் அப்பா இறந்தார். பதினைந்து வயதுப் பெண், அம்மாவோடு கப்பலேறி அமெரிக்காவுக்கு வருகிறாள். பாஸ்போர்ட்டுப்படி அது சொந்த நாடு. கண்ணால் பார்ப்பது அப்போதுதான். சில ஆண்டுகளில் அம்மாவும் போய்விட, சிக்காகோவில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போகிறாள். பள்ளிப் படிப்பை முடித்தது 1924-ல். வயது இருபது.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விட்னியின் பெரியவர்களுக்கான நாவல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். ஓர் இளம்பெண், தான் பார்த்தே இராத குடும்பத்தின் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். உள்ளே இருப்பவர்களுக்கு அவளைப் பற்றி ஏதோ தெரியும். அவளுக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'ஃபார்முலா' என்று விமர்சகர்கள் இதை ஒரே வார்த்தையில் ஒதுக்குவார்கள். ஃபார்முலாதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தையைப் பார்த்து அவர் கண்டுபிடித்த ஃபார்முலா என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வாசலில் அவரே நின்றிருக்கிறார்.

சரி, எழுத்துக்கு வருவோம். சிக்காகோவில் புத்தகக் கடைகளிலும் நூலகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே சிறுகதைகள் எழுதினார். மலிவுத்தாள் பத்திரிகைகள், தேவாலயங்கள் நடத்திய இளைஞர் பத்திரிகைகள் என்று எது வாங்குமோ அதற்கு எழுதினார். திருமணமும் ஆயிற்று, ஒரு மகளும் பிறந்தாள். முதல் புத்தகம் வந்தபோது முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது. அது இளம்பெண்களுக்கான நாவல்.

இரண்டு வருடம் கழித்து, 1943-ல், பெரியவர்களுக்கு ஒரு மர்ம நாவல் எழுதிப் பார்த்தார். 'ரெட் இஸ் ஃபார் மர்டர்' என்று பெயர். சிக்காகோவின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில், கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் பிரிவைச் சுற்றி நடக்கும் கொலை. கதைக்களம் புதிதுதான். ஆனால் புத்தகம் போகவில்லை. கையைச் சுட்டுக்கொண்டவர், அடுத்த பன்னிரண்டு வருடம் பெரியவர்களுக்கு நாவலே எழுதவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் புகழ் பெற்ற பிறகு, 1960-களில், அதே நாவலைப் பெயர் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். 'த ரெட் கார்னீலியன்'. கார்னீலியன் என்பது ஒரு சிவப்புக் கல். 'மர்டர்' என்ற சொல் போய் மணிக்கல் வந்து உட்கார்ந்ததும் அது விட்னி ரசிகர்கள் தேடி வாங்கும் புத்தகம் ஆகிவிட்டது. கல்லும் நிறமும் அவர் தலைப்புகளை விடவே இல்லை. 'சீ ஜேட்', 'பிளாக் ஆம்பர்', 'த டர்க்வாய்ஸ் மாஸ்க்', 'எமரால்டு', 'அமெதிஸ்ட் ட்ரீம்ஸ்' என்று வரிசையாக அடுக்கினால் நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கும்.

அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. 'சிக்காகோ சன்' பத்திரிகையிலும், பிறகு 'ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர்' பத்திரிகையிலும் குழந்தை நூல் பகுதிக்கு ஆசிரியராக இருந்தார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும், பின்னர் பத்து வருடத்துக்கு மேல் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும், சிறுவர்களுக்கு எழுதுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். 1947-ல் 'வில்லோ ஹில்' என்று ஓர் இளைஞர் நாவல். வெள்ளையர் மட்டும் வசிக்கும் ஊரில் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டித் தரப்படுகின்றன. ஊரும் பள்ளியும் என்ன ஆகின்றன என்பது கதை. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-ல். அதற்கு ஏழு வருடம் முன்னால் இதைச் சிறுவர் புத்தகமாக எழுதியிருக்கிறார். மர்மக்கதைக்காரி என்ற பெயர் நிலைத்துவிட்டதால் இந்தப் புத்தகத்தை யாரும் இப்போது பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

1955-ல் 'த குவிக்சில்வர் பூல்' வந்தது. நியூயார்க் நகரத்தை ஒட்டிய ஸ்டேட்டன் தீவில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் நடக்கிற கதை. அந்தத் தீவில் அவரே குடியிருந்தார். கொலை உண்டு, காதலும் உண்டு. இங்கே அவர் பாதை பிடிபட்டது. வயது ஐம்பத்தொன்றோ ஐம்பத்திரண்டோ. பலர் ஓய்வூதியத்தைக் கணக்குப் போடத் தொடங்கும் வயது.

அவருடைய நாவல்களில் துப்பறிவாளர் வந்து எல்லாவற்றையும் விளக்கமாட்டார். போலீஸ் பெரும்பாலும் ஓரமாகத்தான் நிற்கும். கொலைகாரர் யார் என்ற கேள்வியும், இந்த ஆளை நம்பலாமா, இவன் மேல் மனம் வைக்கலாமா என்ற கேள்வியும் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்குப் பதில் தெரியாமல் மற்றதுக்குத் தெரியாது. பழைய மாளிகை, ரகசியம், பயம் என்று போகும் கதைகளுக்கு ஆங்கிலத்தில் 'காதிக்' (Gothic) என்று பெயர். நிருபர்கள் இவற்றை அந்தப் பெயரால் அழைத்தார்கள், அவரை அதன் அரசி என்றும் எழுதினார்கள். அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. காதலும் திகிலும் கலந்த நாவல் என்று சொல்லுங்கள் என்பார்.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 1972-ல் வந்த 'லிஸன் ஃபார் த விஸ்பரர்'. ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த ஒரு நடிகை. படப்பிடிப்பு நடந்த ஸ்டூடியோவில் டைரக்டர் கொலை செய்யப்படுகிறார். அத்தோடு நடிகை சினிமாவை விட்டுவிட்டு நார்வேக்குப் போய், பெர்கன் நகரத்தில் ஒதுங்கி வாழ்கிறார். கைக்குழந்தையாக அவர் விட்டுவிட்டுப் போன மகள் வளர்ந்து, ஒருநாள் அந்த வீட்டுக்கு வருகிறாள். பாசத்தில் வரவில்லை, கணக்குத் தீர்க்க வருகிறாள். பெர்கன் மழைக்குப் பேர் போன ஊர். ஏழு குன்றுகளுக்கு நடுவே துறைமுகம். அந்தக் கதைக்கு வேறு ஊரைப் போட்டால் ஒட்டாது. அம்மா குற்றவாளியா, இல்லையா என்பதைவிட, அம்மா குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாளே, அதுதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. முடிவைச் சொல்லமாட்டேன்.

ஊர் என்று சொன்னேன் அல்லவா. அவருடைய தொழில் ரகசியம் ஒன்று இதில் இருக்கிறது. பெரியவர்களுக்கான நாவல்களையும் சிறுவர் மர்ம நாவல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஊர், இரண்டு புத்தகம். ஜப்பானின் கியோத்தோவில் பெரியவர்களுக்கு 'த மூன்ஃபிளவர்', சிறுவர்களுக்கு சாமுராய் வாள் ஒன்றைப் பற்றிய கதை. இரண்டும் 1958. தென்னாப்பிரிக்காவை வைத்து 1961-ல் இரண்டு. இஸ்தான்புல்லை வைத்து இரண்டு. கிரேக்கத் தீவான ரோட்ஸ் வந்தபோது, 1963-ல் பெரியவர்களுக்கு 'செவன் டியர்ஸ் ஃபார் அப்பல்லோ'. அதே வருடம் சிறுவர்களுக்கு 'மிஸ்டரி ஆஃப் த ஹிட்டன் ஹேண்ட்'. ஓர் ஊரைப் படித்துத் தெரிந்துகொள்ள ஆகும் உழைப்பை அவர் ஒரு புத்தகத்தோடு வீணாக்கவில்லை. மீந்த சோற்றில் பழைய சோறு போடும் வீட்டுக்காரியின் சிக்கனம் இது. பழைய சோறு மட்டம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சிறுவர் நாவலுக்குத்தான் 1964-ல் எட்கர் விருது கிடைத்தது. 1961-லும் 'மிஸ்டரி ஆஃப் த ஹாண்டட் பூல்' நாவலுக்கு அதே விருது. எட்கர் ஆலன் போ பெயரில் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் தருவது அது.

இன்னொரு ரகசியத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1982-ல், புனைகதை எழுதுவோருக்கு ஒரு கையேடு வெளியிட்டார். அதில் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறார். தாள்களைக் கழற்றி மாட்டக்கூடிய ஃபைல் அது. ஒவ்வொரு நாவலுக்கும் தனித்தனி. உள்ளே பிரிவு பிரிவாகத் தடுத்திருப்பார். பாத்திரங்களுக்கு ஒரு பகுதி, பெயர்களுக்கு ஒரு பகுதி, ஊரைப் பற்றிய குறிப்புகளுக்கு ஒன்று. காலவரிசைக்கு என்றும் ஒரு பகுதி. யாருக்கு எந்த வயதில் என்ன நடந்தது என்ற கணக்கு. இந்த வகைக் கதைக்கு அந்தக் கணக்கு உயிர்நாடி. இருபது வருடத்துக்கு முன் புதைத்த ரகசியம் இன்று வெளிவர வேண்டும். கதாநாயகியின் வயதில் ஒரு வருடம் தவறினால், கொலை நடந்த அன்று அவள் பிறந்தே இருக்கமாட்டாள். மாத நாவல் படித்து வளர்ந்த நமக்கு, இருபதாம் பக்கத்தில் அண்ணனாக இருந்தவர் அறுபதாம் பக்கத்தில் தம்பியான அனுபவம் உண்டு. அந்த எழுத்தாளர்களிடம் இப்படி ஒரு ஃபைல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில நாவல்களின் கடைசி அத்தியாயம் அவசர அவசரமாக முடியும். மாடிப்படி, பாறை விளிம்பு, தண்ணீர் என்று ஏதோ ஒன்று நாயகிக்காகக் காத்திருக்கும். ஐந்தாறு படித்தவருக்கு, அந்த வீட்டில் யார் அதிக இனிமையாகப் பேசுகிறாரோ அவர் மேல் சந்தேகம் வந்துவிடும். என் கணிப்பு பல தடவை சரியாக இருந்தது. ஆனாலும் அடுத்த புத்தகத்தை எடுத்தேன். ஏனென்றால் அடுத்த புத்தகத்தில் வேறு ஊர். கரீபியன் தீவு, நியூ மெக்ஸிக்கோவின் சாந்தா ஃபே, ஹவாயின் மவுயி என்று எங்கே போனாலும், புதிதாக வந்து இறங்கியவளின் கண்ணோடுதான் பார்ப்பார். பூ என்ன, சாப்பாடு என்ன, வேலைக்காரர்கள் எந்த மொழியில் முணுமுணுக்கிறார்கள் என்பது வரை. எந்த ஊரையும் அந்த ஊர்க்காரியாக அவர் எழுதிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

1975-ல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்துக்குத் தலைவரானார். 1988-ல் அந்தச் சங்கத்தின் மிக உயர்ந்த கௌரவமான 'கிராண்ட் மாஸ்டர்' பட்டம். அப்போது வயது எண்பத்து நான்கு. அதற்கு மறு வருடம் ஒரு பேட்டியில், வேகம் குறைந்துவிட்டது, வருடத்துக்கு ஒரு புத்தகம்தான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். படித்தபோது சிரித்துவிட்டேன். நாற்பது வயதில், வருடத்துக்கு ஒரு கட்டுரையைக்கூட முடிக்காதவன் நான்.

கடைசிக் காலத்தில் வர்ஜீனியாவில் மகள் வீட்டுக்கு அருகே குடியேறினார். அங்கே போனவுடன் என்ன செய்தார் தெரியுமா? சுற்றியிருந்த புளூ ரிட்ஜ் மலைகளை வைத்து நாவல் எழுதினார். கடைசி நாவலான 'அமெதிஸ்ட் ட்ரீம்ஸ்' வந்தபோது தொண்ணூற்று மூன்றைத் தாண்டியிருந்தார். 2008 பிப்ரவரி 8 அன்று, நூற்று நான்காவது வயதில் காலமானார். தன் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருந்தார். அது முடியவில்லை.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப் புத்தகமாகத் தேடி அலைய வேண்டாம். பழைய புத்தகக் கடைகளில் இன்னமும் கண்ணில் படுகிறார். முதலில் நார்வே கதையை எடுங்கள். வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருந்தால், ஆங்கிலமும் ஓரளவு வருமென்றால், ரோட்ஸ் தீவுக் கதையைக் கொடுங்கள். அட்டையில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அந்த அட்டையை வரைந்தவர் கதையைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வணக்கம்.