நாலாவது வாக்கியம்

அவையோர்க்கு வணக்கம்.

அதிகாரத்துக்கு மனிதர்கள் ஏன் அடங்கிப் போகிறார்கள் என்று கேட்டால், சட்டென்று வரும் பதில் பயம். வேலை போகும், அடி விழும், சிறை. உண்மைதான். ஆனால் எந்தத் தண்டனையும் காத்திராத இடத்திலும் அடங்குகிறார்களே, அதற்கு என்ன சொல்வது?

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மின்பெட்டி, வரிசையாக 30 சுவிட்சுகள். முதலாவது 15 வோல்ட், கடைசி 450. அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லச் சொல்ல, பங்கேற்க வந்தவர் ஒவ்வொரு சுவிட்சாக மேலே போய் அவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அடுத்த அறைக்காரர் நடித்தார். சுவிட்ச் போட்டவருக்கு அது தெரியாது. வந்ததற்கான நாலரை டாலரை முதலிலேயே கொடுத்து, என்ன நடந்தாலும் இது உங்களுடையது என்று சொல்லியாயிற்று. எழுந்து போயிருந்தால் இழப்பு ஒன்றுமில்லை. 40 ஆண்களில் 26 பேர் 450 வரை போனார்கள்.

பலரும் இந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த 26 பேருக்குச் சந்தேகமே எழவில்லையா? எழுந்தது. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடாதா என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே அடுத்த சுவிட்சைப் போட்டார்கள். தயங்குகிறவரிடம் சொல்ல நான்கு வாக்கியங்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ‘தயவுசெய்து தொடருங்கள்.’ ‘நீங்கள் தொடர்வது சோதனைக்குத் தேவை.’ ‘தொடர்வது மிக மிக அவசியம்.’ கடைசியாக, ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்.’ அதற்கும் மறுத்தால் சோதனை அத்தோடு முடிந்தது.

இந்த நான்கில் அப்பட்டமான கட்டளை நாலாவதுதான். உளவியலாளர் ஜெர்ரி பர்கர் பின்னாளில் 150 வோல்ட்டோடு நிறுத்தி இதே சோதனையைத் திரும்பச் செய்தார். நாலாவது வாக்கியத்தைக் கேட்டவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை. மூன்றைத் தாண்டி வந்தவர் ஏற்கெனவே முரண்டு பிடித்தவர்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஹாஸ்லம், ரைஷர் என்ற உளவியலாளர்களின் குழுவினர் வேறொரு சோதனையை அமைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே வகை வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பார்த்தார்கள். அங்கும் கட்டளைதான் தோற்றது. அறிவியலின் பெயரைச் சொல்லிக் கேட்டது வென்றது. ‘செய்’ என்றால் மறுக்கிறவர், ‘இது பெரிய காரியம், உங்கள் உதவி தேவை’ என்றால் மனம் வெந்துகொண்டே செய்கிறார். அவரைப் பணிய வைப்பது, அந்தக் காரியத்தின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை.

மில்கிராம் ஏற்பாட்டை மாற்றிப் பார்த்தபோதும் இதுவே தெரிகிறது. சோதனை நடத்துபவர் தொலைபேசியில் பேசியபோது கடைசி வரை போனவர்கள் சுமார் 20 சதவீதம். கூடப் பங்கேற்பவர்களாக உட்கார்ந்திருந்த இருவர் எழுந்து மறுத்தபோது 40இல் 4 பேர். நடத்துபவர்கள் இருவர் எதிரெதிராகப் பேசியபோது ஒருவரும் இல்லை. பங்கேற்றவருக்கு யாரும் புதிதாகத் துணிச்சல் ஊட்டவில்லை. நம்பிக்கையில் ஒரு விரிசல் விழுந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் வாயில் வந்த சந்தேகம் ஏன் பலிக்கவில்லை? அது கேள்வியாக வந்தது. கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை மேலே இருப்பவருடையது. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு, ஓடுபாதையில் மூடுபனி. பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று, அதே பாதையில் புறப்பட்டுக்கொண்டிருந்த டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் விமானப் பொறியாளர் கேட்டார். நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளரான தலைமை விமானி, விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

அதற்குப் பிந்தைய விமானிப் பயிற்சியில் மறுப்புக்கு ஒரு வரிசை கற்றுத் தருகிறார்கள். பெயரையோ பதவியையோ சொல்லி அழை. உன் கவலையைச் சொல். கண்ணால் கண்டதைச் சொல். என்ன செய்யலாம் என்று சொல். ஒப்புதலை வாயால் வாங்கு. கடைசிப் படியில் சறுக்கிவிடக் கூடாது. தலையசைப்பை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. இரண்டு முறை சொல்லியும் சரியான பதில் வராவிட்டால் கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியும் உண்டு. முன்கூட்டியே எழுதப்பட்ட விதி என்பதால், எடுப்பவர் துரோகி ஆவதில்லை.

நம்பிக்கையையே அடித்தளமாகக் கொண்ட நிறுவனங்களும் இதை அறியாதவை அல்ல. 1587இல் கத்தோலிக்கத் திருச்சபை புனிதர் பட்டத்துக்கு எதிராக வாதாட ஒரு பதவியே ஏற்படுத்தியது. 1983இல் அந்த எதிர்வாத வேலையைக் குறைத்தது. எனக்கு அந்தப் பதவியின் மேல் மரியாதை உண்டு, முழு நம்பிக்கை இல்லை. சம்பிரதாயத்துக்காக மறுப்பவரைவிட உண்மையாகவே மாற்றுக் கருத்துள்ளவர் குழுவை அதிகம் சிந்திக்க வைக்கிறார் என்று உளவியலாளர் சார்லன் நெமெத்தின் ஆய்வுகள் காட்டின. ‘அது அவர் வேலை’ என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் உறைப்பதில்லை.

பழைய யூத நீதிமன்ற முறை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்பேன். மரண தண்டனை வழக்கில் 23 நீதிபதிகள். விடுவிக்க ஒரு வாக்கு அதிகம் போதும். தண்டிக்க இரண்டு வேண்டும். கருத்துச் சொல்வது இளையவரிடம் தொடங்கும், மூத்தவர் பேசிய பிறகு அவர் வாய் திறக்க மாட்டார் என்பதால். அத்தனை பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால் ஆளை விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அவருக்காக யோசிக்க ஒருவர்கூட இல்லாத தீர்ப்பை அவர்கள் தீர்ப்பாக ஏற்கவில்லை.