வீட்டு டீல் உடைஞ்ச முதல் ஒரு மணி நேரம்: ரெண்டு ஏஜெண்ட்டும் என்ன பேசணும், என்ன எழுதணும்?

"சார், பார்ட்டி பின்வாங்கிட்டாங்க. சாரி."

இந்த நாலு வார்த்தை மெசேஜ் ஒரு வீட்டோட விலையையே இறக்கிடும். எப்படின்னு பாருங்க. டீல் உடைஞ்ச வீடு மறுபடியும் விற்பனைக்கு வருது. வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேப்பாங்க: "முன்னாடி பேசினவங்க ஏன் விட்டுட்டுப் போனாங்க?" விற்பவர் தரப்பு ஏஜெண்ட் கையில இருக்கிறது இந்த நாலு வார்த்தை மட்டும்தான். அதனால அவர் சொல்ற பதில், "தெரியலங்க." அந்தத் "தெரியலங்க"வைக் கேட்டவர் அடித்தளத்துல விரிசல், கூரையில ஒழுக்கு, பத்திரத்துல வழக்குன்னு மனசுக்குள்ள ஒரு பட்டியலே போட்டுடுவார். அப்புறம் அவர் குறைச்சுக் கேக்கிற விலை அந்தப் பட்டியலுக்கான விலை. உண்மையில நடந்தது, வாங்க வந்தவருக்கு வங்கி கடன் தரல. அவ்வளவுதான்.

வணக்கம் நண்பர்களே. இந்த வீடியோ ஏஜெண்ட்டுகளுக்காக. ஆனா வீடு விக்கிறவங்க, வாங்குறவங்களும் பாருங்க. உங்க ஏஜெண்ட் இதையெல்லாம் செய்யிறாரான்னு நீங்களே கேக்கலாம்.

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். கடன் கிடைக்காது, வங்கியோட மதிப்பீடு பேசின விலைக்குக் கீழ வரும், பரிசோதனையில பழுது தெரியும், உரிமைப் பத்திரத்துல சிக்கல் வரும், வாங்குறவரோட பழைய வீடு விக்காம நிக்கும், இல்ல மனசு மாறிடும். பெரும்பாலான டீல் உடையிறது இந்த ஆறுல ஒண்ணால.

[திரையில்: போனை எடுக்கும் முன்]

வாங்குபவர் தரப்பு ஏஜெண்ட் முதல்ல செய்ய வேண்டியது எதிர்த்தரப்புக்குப் போன் பண்றது இல்ல. தன்னோட வாடிக்கையாளர்கிட்ட இருந்து "நான் விலகுறேன்"னு எழுத்துல வாங்குறது. ராத்திரி 10 மணிக்குப் பரிசோதனை அறிக்கையைப் படிச்சுட்டு, "எனக்கு இந்த வீடே வேணாம்"னு கத்துறவர், காலையில குடும்பத்தோட பேசிட்டு, "பழுது பாத்துக் கொடுத்தா எடுத்துக்கலாம்"னு சொல்லுவார். நடுவுல நீங்க எதிர்த்தரப்புக்குச் சொல்லிட்டா, அந்தத் தரப்பு ஏஜெண்ட் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஒரு வரி மெசேஜ் போதும், ஆனா அது வாடிக்கையாளர் கையால வந்திருக்கணும்.

அடுத்து ஒப்பந்தத்தைத் திறங்க. அறிவிப்பு கொடுக்கிறது பத்தி ஒரு பிரிவு இருக்கும். யாருக்கு, எந்த வழியில, எந்தத் தேதி, எந்த மணிக்குள்ள கொடுக்கணும்னு அதுல இருக்கும். போன்ல சொன்னது பல ஒப்பந்தங்கள்ல அறிவிப்பாகவே கணக்குல வராது. வாட்ஸ்அப்பும் அப்படித்தான், ஒப்பந்தத்துல அந்த வழி எழுதியிருந்தாத்தான் செல்லும். கெடு மாலை 5 மணின்னு இருக்கும்போது 5:40க்கு அனுப்பினா, முன்பணத்தைத் திரும்பக் கேக்கிற உரிமையே கேள்விக்குள்ளாகலாம். காரணம் எவ்வளவு நியாயமா இருந்தாலும் சரி.

அப்புறம்தான் போன். ரெண்டு நிமிஷம். கெட்ட செய்தியைக் குரல்ல சொல்றது மரியாதை. எழுத்துல உறுதிப்படுத்துறது பாதுகாப்பு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடாதீங்க. விற்பவர் அந்த நேரத்துக்குள்ள குடிமாறுற வண்டிக்கு முன்பணம் கட்டிட்டு இருக்கலாம்.

[திரையில்: மெயில், முழுசா]

இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். உதாரணத்துக்கு ஒரு மெயிலை முழுசாப் படிக்கிறேன். நிறுத்தி நிறுத்திக் கேளுங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

"வணக்கம் சார். சற்று முன் போனில் பேசியதை எழுத்தில் உறுதி செய்கிறேன். வாங்குபவர் இந்த ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறார். காரணம்: கடன் நிபந்தனை, பிரிவு 8. வங்கியின் மறுப்பு இன்று காலை வந்தது. இந்த நிபந்தனைக்கான கெடு நாளை மாலை 5 மணி. வாங்குபவர் கையெழுத்திட்ட ரத்து அறிவிப்பை இணைத்திருக்கிறேன். முன்பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கிறார். விடுவிப்புப் படிவமும் இணைப்பில் உள்ளது. வீட்டின் நிலை குறித்து வாங்குபவர் எந்தக் குறையும் சொல்லவில்லை. கடன் கிடைக்காததால்தான் விலகினார் என்பதை மட்டும் அடுத்து வருபவர்களிடம் நீங்கள் சொல்லலாம். இதற்கு வாங்குபவர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறார். பரிசோதனை அறிக்கை வேண்டுமா என்று விற்பவரைக் கேட்டுச் சொல்லுங்கள். கிடைத்ததற்கு ஒரு வரி பதில் அனுப்புங்கள். சாவியை நாளை காலை 10 மணிக்கு ஒப்படைக்கிறேன்."

இப்ப ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாக்கலாம்.

"விலகுகிறார்." முடிவான சொல். "விலகலாம்னு யோசிக்கிறார்", "கொஞ்சம் கஷ்டமா இருக்கும் போல" மாதிரி வளவளன்னு எழுதினா, எதிர்த்தரப்பு இன்னும் பேரம் நடக்குதுன்னு நெனச்சுக் காத்திருக்கும். உங்க வாடிக்கையாளர் உண்மையிலேயே பேரம் பேச விரும்பினா, அது வேற மெயில், வேற தலைப்பு. விலகலையும் பேரத்தையும் ஒரே மெயில்ல கலந்தா ரெண்டும் கெட்டுப் போகும்.

"பிரிவு 8." இந்த எண்தான் முன்பணத்தைத் தீர்மானிக்கும். "கடன் கிடைக்கலைன்னா விலகலாம்" மாதிரி ஒப்பந்தத்துல எழுதின நிபந்தனைப்படி விலகினா ஒரு நிலை, மனசு மாறி விலகினா வேற நிலை. பிரிவைச் சொல்லாம "தனிப்பட்ட காரணங்களால்"னு எழுதுறது பணிவாத் தெரியும், ஆனா பின்னாடி அது உங்க வாடிக்கையாளருக்கு எதிரான ஆவணமா நிக்கும்.

"எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறார்." நிறையப் பேர் இந்த வரியை மறந்துடுறாங்க. ஒருத்தருக்குக் கடன் மறுக்கப்பட்டதுங்கிறது அவரோட சொந்த நிதி விஷயம். எதிர்த்தரப்பு ஏஜெண்ட் அதை அடுத்த பத்துப் பேர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவர் ஒப்புக்கணும். சம்மதம் கேட்டா பெரும்பாலும் கிடைக்கும். "கடன் கிடைக்கல" அளவுல நிறுத்துங்க. சம்பளம் எவ்வளவு, பழைய பாக்கி எவ்வளவுங்கிற விவரம் யாருக்கும் வேண்டாம்.

"எந்தக் குறையும் சொல்லவில்லை." உண்மையா இருந்தா மட்டும் எழுதுங்க. பழுது பத்தி ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் இந்த வரியைத் தூக்கிடுங்க. சும்மா நல்லெண்ணத்துக்காக எழுதினா, அடுத்த வாங்குபவர் ஏமாந்து நிக்கும்போது உங்க பேர்தான் அந்த மெயில்ல இருக்கும்.

"கிடைத்ததற்கு ஒரு வரி பதில்." அறிவிப்பு போய்ச் சேர்ந்த நேரத்துக்கு அதுதான் சாட்சி.

இந்த மெயில்ல கோபம் இல்ல, குத்தல் இல்ல, "உங்க பார்ட்டி ஒத்துழைச்சிருந்தா" மாதிரி ஒரு வாக்கியம் இல்ல, கவனிச்சீங்களா? நீங்க எதிர்த்தரப்பு ஏஜெண்ட்டுக்குத்தான் எழுதுறீங்க, ஆனா அவர் அதை அப்படியே விற்பவருக்கு ஃபார்வர்ட் பண்ணுவார். விற்பவர் வக்கீலுக்கு அனுப்புவார். அந்த மூணு பேரும் படிப்பாங்கன்னு நெனச்சே எழுதுங்க.

[திரையில்: பரிசோதனை அறிக்கை]

அறிக்கையைக் கேட்டுட்டு ஏன் அனுப்பணும்? நல்ல மனசோட, "இந்தாங்க சார், உங்களுக்கு உபயோகப்படும்"னு 40 பக்கத்தை இணைச்சு விடறவங்க இருக்காங்க. நினைக்காத விளைவு ஒண்ணு இதுல இருக்கு. வீட்டுல பெரிய குறை இருக்குன்னு தெரிஞ்ச விற்பவர் அதை அடுத்த வாங்குபவர்கிட்ட சொல்லியாகணும்னு பல நாடுகள்ல சட்டம் இருக்கு. அறிக்கை கைக்கு வந்த நிமிஷத்துல இருந்து, விற்பவருக்கும் அவரோட ஏஜெண்ட்டுக்கும் அது தெரிஞ்ச விஷயம். அதுக்கப்புறம் "எனக்குத் தெரியாது"ங்கிற பேச்சுக்கே இடமில்ல. அதனால முதல்ல கேளுங்க. ஒப்பந்தமே அறிக்கையைக் கொடுக்கணும்னு சொன்னா அதன்படி கொடுங்க. இன்னொரு பக்கம், அந்த அறிக்கைக்குக் காசு கொடுத்தது வாங்குபவர். அவர் சம்மதம் இல்லாம அது உங்க கையில இருந்து போகக் கூடாது.

என் கருத்தைச் சொல்றேன்: விற்பவர் அதை வாங்கிப் படிக்கிறதுதான் நல்லது. கூரையில ஓட்டை இருந்தா அடுத்த பரிசோதகரும் அதைத்தான் கண்டுபிடிப்பார். முன்கூட்டியே பழுது பாத்து, ரசீதை வச்சுக் காட்டினா, ரெண்டாவது டீல் அதே இடத்துல உடையாது.

[திரையில்: இங்கிலாந்தும் அமெரிக்காவும்]

இப்ப ஒரு ஒப்பீடு. இங்கிலாந்துல விற்பவர் விலையை ஏத்துக்கிட்டாலும் யாரையும் கட்டுப்படுத்தாது. "ஒப்பந்தத்துக்கு உட்பட்டு விற்கப்பட்டது"ன்னுதான் பலகை வைப்பாங்க. ரெண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாத்திக்கிற நாள் வரைக்கும், யார் வேணும்னாலும் காரணமே சொல்லாம விலகலாம், எதிர்த்தரப்புக்கு இழப்பீடும் கிடையாது. அந்த நாள்லதான் வழக்கமா விலையில 10 சதவீதம் முன்பணமாக் கட்டுவாங்க. அதுக்குமேல அங்க சங்கிலி இருக்கு: என் வீட்டை நீங்க வாங்க, உங்க வீட்டை இன்னொருத்தர் வாங்கணும், அவர் வீட்டை வேறொருத்தர். ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் நிக்கும். அதனால அங்க உடைஞ்ச செய்தி ஒரு ஏஜெண்ட்டோட நிக்கிறதில்ல, சங்கிலியில மேலயும் கீழயும் இருக்கிற எல்லா ஏஜெண்ட்டுக்கும், சொத்து மாற்றத்தைப் பாக்கிற வக்கீல்களுக்கும் அன்னைக்கே போகணும். எந்தக் கண்ணி, புது ஆள் தேட எத்தனை நாள், மத்தவங்க காத்திருப்பாங்களா: இந்த மூணு கேள்விக்கும் பதில் இல்லாம போன் பண்ணிப் பயனில்ல.

அமெரிக்காவுல கதை வேற. கையெழுத்துப் போட்டதுமே கட்டுப்பாடு வந்துடும், வெளியேற நிபந்தனைகள்தான் வாசல். அங்க ரியல் எஸ்டேட் ஏஜெண்ட்டுகளோட அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் 1908ல தொடங்கினது, 1913ல நடத்தை விதிகளை ஏத்துக்கிச்சு. அதுல எனக்குப் பிடிச்ச ரெண்டு விஷயம். ஏத்துக்கிட்ட விலை ஒண்ணு ஏற்கெனவே இருந்தா, நிபந்தனை தீராம இருந்தாலும், தன்னோட பார்ட்டிக்காக ஒத்துழைப்பு கேட்டு வர்ற வேற ஏஜெண்ட்கிட்ட அதைச் சொல்லணும். இன்னொண்ணு, வேற ஒரு ஏஜெண்ட்கூட மட்டும்தான்னு ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளர்கிட்ட நேரடியாப் போகக் கூடாது, அவரோட ஏஜெண்ட் வழியாத்தான் பேசணும். டீல் உடையிற அன்னைக்கு மீறப்படுற விதி இந்த ரெண்டாவதுதான். கோபத்துல, "உங்க ஏஜெண்ட் சரியா சொன்னாரா?"ன்னு எதிர்த்தரப்பு வாடிக்கையாளருக்கே போன் போடுறது. தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க.

உங்க ஊர்ல எந்த முறைன்னு கமெண்ட்ல எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிக்கிறேன்.

[திரையில்: விற்பவர் தரப்பு]

மெயில் வந்ததும் விற்பவர் தரப்பு ஏஜெண்ட் வேகமாக் கூப்பிட வேண்டியது விற்பவரை. பழைய போட்டியாளர்களை, அதாவது முன்னாடி இதே வீட்டுக்கு விலை கேட்ட மத்தவங்களை, அப்புறம் கூப்பிடலாம். விற்பவருக்கு இந்தச் செய்தி இணையத்துல "மீண்டும் விற்பனைக்கு"ன்னு பாத்துத் தெரியக் கூடாது.

அப்புறம் பெரிய பள்ளம் ஒண்ணு. முதல் ஒப்பந்தம் எழுத்துல முறைப்படி ரத்தாகாம ரெண்டாவது ஆள்கூடக் கையெழுத்துப் போட்டுட்டா, விற்பவர் ஒரே வீட்டை ரெண்டு பேருக்கு விக்க ஒத்துக்கிட்டவர் ஆயிடுவார். "அவர்தான் விலகிட்டேன்னு போன்ல சொன்னாரே" எடுபடாது. ரத்து முறைப்படி முடியிற வரைக்கும் ரெண்டாவது விலையைக் காத்திருப்பு நிலையிலதான் ஏத்துக்கணும், முதல் ஒப்பந்தம் ரத்தானா மட்டும் இது செல்லும்னு அதுலேயே எழுதணும். முன்பணம் மூணாம் நபர் கணக்குல இருந்தா, பொதுவா ரெண்டு தரப்பு கையெழுத்தும் வந்தாத்தான் விடுவிப்பாங்க. தகராறு வந்தா அதை ஏஜெண்ட்டுகள் தீர்க்க முடியாது. "கண்டிப்பாத் திரும்ப வந்துடும்"னு ரெண்டு பேருமே வாக்குக் கொடுக்காதீங்க.

பழைய போட்டியாளரோட ஏஜெண்ட்டைக் கூப்பிடும்போது விற்பவர் அனுமதிச்ச வாக்கியத்தை அப்படியே சொல்லுங்க: "முதல் ஒப்பந்தம் ரத்தாயிடுச்சு சார், வாங்க வந்தவருக்குக் கடன் கிடைக்கல. ரத்துப் படிவம் கையெழுத்தாயிடுச்சு. உங்க பார்ட்டிக்கு இன்னும் விருப்பம் இருக்கா?" முன்னாடி முடிஞ்ச விலையை விற்பவர் சொல்லச் சொல்லாம நீங்களாச் சொல்ல வேண்டாம்.

கடைசியா, அடிக்கடி வர்ற சந்தேகம். மூணு நாள் கழிச்சு அதே வாங்குபவர், "வேற வங்கியில கடன் கிடைச்சுடுச்சு"ன்னு திரும்பி வந்தா? பழைய மெயிலுக்கு ரிப்ளையா "சரி சார், தொடரலாம்"னு எழுதாதீங்க. ரத்தானது ரத்துதான். புது ஒப்பந்தம் போடுங்க, இல்ல பழையதை மீட்கிற இணைப்புப் பத்திரத்துல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். கெடு தேதிகள் எல்லாத்தையும் புதுசா எழுதுங்க, முன்பணம் இப்ப யார் கையில இருக்குன்னு ஒரு வரி சேருங்க. புது வங்கியோட கடிதத்துல "முன்அனுமதி"ன்னு மட்டும் இருக்கா, "இறுதி அனுமதி"ன்னு இருக்கான்னு போன்லயே கேட்டுடுங்க.