செகரட்டேரியட்டைப் பொலிக்கு விட்டது வீணா? பாலமேட்டுத் தம்பியின் கேள்விக்குப் பதில்

பாலமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, போன வீடியோவில் சொன்ன அமெரிக்கக் குதிரை செகரட்டேரியட்டை ஏன் மூன்று வயதிலேயே ஓட்டத்திலிருந்து நிறுத்தினார்கள்? அதன் குட்டி எதுவும் அப்பனைப் போல ஓடவில்லையாமே, இனவிருத்திக்குப் பொலிக்கு விட்டது வீண்தானே? எங்கள் பொலிகாளைக்குப் பிறந்த காளைகளும் வாடிவாசலில் நின்று விளையாடவில்லை. விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு."

நிறுத்தியதற்குக் காரணம் காயம் இல்லை, பணம். 1973 ஜனவரியில் பண்ணைக்காரர் கிறிஸ்டோபர் செனரி இறந்துபோனார். சொத்துக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. மகள் பென்னி அந்தக் குதிரையை 32 பங்காக்கி, பங்கு 1,90,000 டாலர் என்று விற்றார். அந்த வருட ஓட்டம் முடிந்ததும் பொலிக்கு வந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பெரிய ஓட்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஜூன் 9, பெல்மான்ட் பந்தயம், ஒன்றரை மைல். கடைசியில் ஜாக்கி ரான் டர்காட் தலையை இடப்பக்கம் திருப்பி நேரப்பலகையைப் பார்ப்பார், பாருங்கள், அந்த இடத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேனோ! பின்னால் 31 குதிரை நீளத்துக்கு வெறும் மண்தான். மேலூர்ப் பக்கம் வண்டிப் பந்தயத்தில் இரண்டு வண்டி ஒட்டி ஒட்டி வந்தாலே நமக்குத் தொண்டை வற்றிவிடும். இங்கே ஒட்டி வர ஆளே இல்லை, ஆனாலும் குதிரை வேகத்தைக் குறைக்கவில்லை. 2 நிமிடம் 24 நொடி. இன்றுவரை அந்தப் பந்தயத்தில் அதை யாரும் முறியடிக்கவில்லை.

சரி, பொலி விஷயத்துக்கு வருவோம். தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் சினை ஊசி செல்லாது. நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவேட்டில் ஏற்றுவார்கள். கென்டக்கியில் கிளைபோர்ன் பண்ணையில் செகரட்டேரியட்டுக்கு 600-க்கு மேல் குட்டிகள். மகள் லேடிஸ் சீக்ரெட் 1986-இல் அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த குதிரை. மகன் ரைசன் ஸ்டார் 1988-இல் பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் ஜெயித்தது. எனவே குட்டி எதுவும் ஓடவில்லை என்பது தவறு. ஆனால் மகன்கள் வழியில் பெரிய பொலிக்குதிரை அமையவில்லை என்பது உண்மை.

மகள்கள் வழியில்தான் வம்சம் தழைத்தது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம் வீடுகளில் சொல்வதுதான் அங்கே நடந்தது. டெர்லிங்குவா என்ற மகள் ஈன்றது ஸ்டார்ம் கேட். ஒரு காலத்தில் அதனிடம் ஒரு பெட்டைக் குதிரையைச் சேர்க்க 5 லட்சம் டாலர் கேட்டார்கள். வீக்கெண்ட் சர்ப்ரைஸ் என்ற மகள் ஈன்ற ஏ.பி. இண்டி, தாத்தா ஜெயித்த அதே பெல்மான்ட்டை 1992-இல் ஜெயித்தது. அப்புறம், 37 வருடம் யாரும் தொடாத மூன்று பந்தயப் பட்டத்தை (கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே வருடத்தில் ஜெயிப்பது) 2015-இல் அமெரிக்கன் பாரோ வாங்கியதே, அதன் தாயின் அப்பன் ஸ்டார்ம் கேட்டின் மகன்.

செகரட்டேரியட் 1989-இல் குளம்பு நோயால் 19 வயதில் போய்விட்டது. ஏ.பி. இண்டி அந்த வருடம் பிறந்த குட்டி.

அதனால் தம்பி, அவசரப்பட்டு விற்க வேண்டாம். உங்கள் காளைக்குப் பிறந்த கிடாரிகள் யார் யார் வீட்டில் நிற்கின்றன என்று முதலில் விசாரியுங்கள். அவை ஈனும் காளைக்கன்றுகள் வாடிவாசலுக்கு வரட்டும். அதையும் பார்த்துவிட்டுப் பேசலாம்.