கம்பாலா: குன்று குன்றாகச் சுற்றுவது எப்படி?

[காட்சி: மேலிருந்து நகரம். பச்சைக் குன்றுகள், நடுவில் சிவப்பு ஓட்டுக் கூரைகள்]

வணக்கம். உகாண்டாவோட தலைநகர் கம்பாலாவுல ஒரு இடம் எத்தனை கிலோமீட்டர்னு கேட்டா உங்களுக்குப் பெருசா பிரயோஜனம் இருக்காது. நடுவுல எத்தனை பள்ளம்னு கேளுங்க. இந்த ஊர்ல பார்க்க வேண்டியதெல்லாம் குன்றுகளோட உச்சியில இருக்கு, நேரம் வீணாகுறதெல்லாம் கீழ பள்ளத்துல. இதைப் புரிஞ்சுக்கிட்டு திட்டம் போட்டா ரெண்டே நாள்ல நிதானமா பார்த்துடலாம். புரியாம போனா, ரெண்டு நாளும் வண்டிக்குள்ளயே போயிடும்.

ஊர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்துல இருக்கு. ஏழு குன்று நகரம்னு பேர், ஆனா நகரம் அந்த ஏழைத் தாண்டி ரொம்ப தூரம் பரவிடுச்சு. குன்றுகளுக்கு நடுவுல இருந்ததெல்லாம் ஒரு காலத்துல கோரை வளர்ந்த சதுப்பு நிலம். மேல பெய்யுற மழை அதுல ஊறி, மெதுவா விக்டோரியா ஏரிக்குப் போயிட்டிருந்துச்சு. இன்னைக்கு அந்தச் சதுப்புல நிறைய இடத்துல கடையும் வீடும் ரோடும் வந்தாச்சு. நாகிவுபோங்கிற பெரிய கால்வாய்தான் நகர மையத்துத் தண்ணியை வாங்குது. ஒரு மணி நேரம் கனமழை பெஞ்சா தாழ்வான ரோடுகள்ல தண்ணி நிக்கும், எல்லா வண்டியும் ஒரே இடத்துல மாட்டிக்கும். மார்ச்ல இருந்து மே வரைக்கும், அப்புறம் செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் மழைக்காலம். முடிஞ்சா ஜூன், ஜூலையிலயோ டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரிக்குள்ளயோ போங்க.

[காட்சி: வரைபடம். மேற்குக் குன்றுகள் ஒரு நிறம், வடக்கும் கிழக்கும் வேறு நிறம்]

முதல் நாள் முழுக்க மேற்குப் பக்கம். பழைய கம்பாலா, நமிரெம்பே, ருபாகா, மெங்கோ, கசூபி எல்லாம் பக்கம் பக்கமா இருக்கு. ரெண்டாவது நாள் வடக்கும் கிழக்கும். காலையில மேற்கு, மதியம் கிழக்கு, சாயங்காலம் மறுபடி மேற்குன்னு மட்டும் மாத்தி மாத்திப் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் நகர மையத்துப் பள்ளத்தைக் கடக்கணும்.

பழைய கம்பாலா குன்றுல ஆரம்பிங்க. இம்பாலா மான்கள் மேஞ்ச குன்றுங்கிறதுதான் கம்பாலாங்கிற பேருக்கு மூலம். 1890-ல பிரிட்டிஷ் அதிகாரி லுகார்ட் இங்கதான் கோட்டை கட்டினார். இப்போ உச்சியில நிக்கிறது தேசியப் பள்ளிவாசல். இடி அமீன் காலத்துல தொடங்கி பாதியில நின்ன கட்டடம், பின்னாடி லிபியாவோட கடாஃபி பணத்துல முடிஞ்சது. உள்ளூர்ல கடாஃபி மசூதின்னே சொல்வாங்க. நுழைவுச் சீட்டு வாங்கினா வழிகாட்டி கூட வருவார். பெண்களுக்குத் தலைக்கும் இடுப்புக்கும் துணி அங்கேயே தருவாங்க.

[காட்சி: மினாரின் சுழல் படிக்கட்டு, கீழிருந்து மேலாக]

மினார்ல சுமார் 300 படி. மூச்சு வாங்கும், ஆனா இதைத் தவிர்க்காதீங்க. மேல நின்னா ஊரே புரியும்: அந்தக் குன்றுல சிவப்புச் செங்கல் குவிமாடத்தோட ஆங்கிலிகன் பேராலயம், இந்தக் குன்றுல ரெட்டைக் கோபுரத்தோட கத்தோலிக்கப் பேராலயம், அதுக்குப் பக்கத்துல அரண்மனை. ஒவ்வொரு மதமும் ஒவ்வொரு அதிகாரமும் தனக்குன்னு ஒரு குன்றைப் பிடிச்சிருக்கு. காலையில சீக்கிரம் ஏறுங்க, வெயில் ஏறினா புகையும் தூசும் பார்வையை மறைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், அப்போ வேண்டாம்.

நமிரெம்பேல இப்போ இருக்கிற பேராலயம் 1919-ல முடிஞ்சது. அதுக்கு முன்னாடி இருந்தது 1910-ல மின்னல் விழுந்து எரிஞ்சு போச்சு. ருபாகா பேராலயம் 1925-ல திறந்தாங்க. நவீன காலத்துல ஆப்பிரிக்காவோட முதல் கறுப்பினக் கத்தோலிக்க ஆயரான ஜோசப் கிவானுகாவோட கல்லறை உள்ள இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில போனா வழிபாடு நடக்கும், சுத்திப் பார்க்க முடியாது.

மெங்கோவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்க. உகாண்டா நாட்டுக்குள்ளேயே இருக்கிற பாரம்பரிய ராஜ்யம் புகாண்டா, அதோட மன்னரை கபாகான்னு சொல்வாங்க. லுபிரி அரண்மனையில இருந்து புலாங்கேங்கிற ராஜ்ய சபை வரைக்கும் நேர்கோடா ஒரு சாலை. நடுவுல ஒரு ரவுண்டானா. எல்லாரும் சுத்திப் போகணும், கபாகா மட்டும் வளையாம நேரா போவார். அவருக்காகவே ரவுண்டானாவுக்குக் குறுக்கே பாதையும் வாசலும் விட்டிருக்காங்க. இந்த அரண்மனையைத்தான் 1966 மே மாசம் அப்போ உகாண்டாவை ஆண்ட ஒபோட்டேவோட ராணுவம் தாக்குச்சு. கபாகா ரெண்டாம் முடேசா தப்பிச்சு வெளிநாடு போனார், அடுத்த வருஷமே ராஜ்யங்களை ஒழிச்சாங்க. 1993-லதான் திரும்ப வந்துச்சு. வளாகத்துக்குள்ள அமீன் காலத்துச் சிறை ஒன்னும் இருக்கு. வெறும் கான்கிரீட் அறைகள், உள்ள வெளிச்சமே கிடையாது. ஆட்களை அடைச்சுக் கொன்ன இடம். குழந்தைகளோட போறவங்க இதை விட்டுடலாம்.

[காட்சி: கசூபி. தரை தொடும் புல் கூரை, மெதுவாக நெருங்கும் கேமரா]

இனி கசூபி. கம்பாலாவுல ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும்னா இதைப் பாருங்க. முதலாம் முடேசா 1882-ல கட்டின அரண்மனை, 1884-ல அவர் இறந்ததும் சமாதி ஆச்சு. இப்போ நாலு கபாகாக்கள் இங்க அடக்கம். வட்டமான பெரிய கட்டடம், வெளி விட்டம் 31 மீட்டர். மரமும் நாணலும் புல்லும்தான் பொருள். உள்ள அண்ணாந்து பார்த்தா கூரையைத் தாங்குற வளையங்கள் தெரியும்: மொத்தம் 52, புகாண்டாவோட 52 குலங்களுக்கு. கூரை வேய்றது ஒரு குறிப்பிட்ட குலத்தோட உரிமை, மத்தவங்க கை வைக்க முடியாது.

2001-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இந்தக் கட்டடம் 2010 மார்ச் 16 ராத்திரி எரிஞ்சு போச்சு. காய்ஞ்ச புல்லும் மரமும், தீ பிடிச்சா அணைக்க நேரமே கிடைக்காது. திரும்பக் கட்டி முடிக்க பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. 2023-லதான் ஆபத்துல இருக்கிற பாரம்பரிய இடங்கள் பட்டியல்ல இருந்து யுனெஸ்கோ இதை எடுத்துச்சு. இப்போ நீங்க பார்க்கிறது அதே முறையில, அதே குலத்துக் கைகள் வேய்ஞ்ச கூரை.

[காட்சி: மரப்பட்டைத் துணி, கைக்கெட்டும் தூரத்தில்]

உள்ள செங்கல் நிறத்துல ஒரு பெரிய திரை தொங்கும். நெசவுத் துணி இல்ல, முடூபாங்கிற அத்தி வகை மரத்தோட உள்பட்டை. மழைக்காலத்துல பட்டையை ஒரே சுத்தா உரிச்சு எடுப்பாங்க. உரிச்ச இடத்துல வாழை இலையைச் சுத்திக் கட்டினா மரம் சாகாது, புதுப் பட்டை வளரும். எடுத்த பட்டையைச் சூடுபடுத்தி, வரிவரியா பள்ளம் வெட்டின மரச் சுத்தியலால அடிப்பாங்க. முதல்ல அகலமான வரி, கடைசியில நெருக்கமான வரி. அடிக்க அடிக்க பட்டை பல மடங்கு அகலமாகும். வெயில்ல வச்சு அடிச்சா சீக்கிரம் காய்ஞ்சு கிழியும், அதனால நிழல்ல கொட்டகை போட்டுத்தான் வேலை. கைவினைக் கடையில இந்தத் துணி வாங்கினா வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கிளை இருந்த ஓட்டையை ஒட்டுப் போட்டுத் தைச்சிருப்பாங்க, அது குறை இல்ல. தண்ணியில மட்டும் நனைக்காதீங்க.

அந்தத் திரைக்குப் பின்னாடி புனித வனம்னு நம்பிக்கை, மன்னர்கள் சாகுறதில்ல, அங்க மறைஞ்சு போறாங்க. அதனால திரையைத் தாண்டி எட்டிப் பார்க்காதீங்க. செருப்பைக் கழட்டணும், பெண்கள் நீளப் பாவாடையோ சுத்துத் துணியோ கட்டணும், உள்ள பாய்ல உட்காரணும். படம் எடுக்கிறதுக்கு முன்னாடி வழிகாட்டியைக் கேளுங்க. இன்னைக்குத் திறந்திருக்கான்னு காலையிலேயே விடுதியில விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

ரெண்டாவது நாள் இதைவிட லேசு. உகாண்டா மியூசியம் 1908-ல தொடங்கினது. இசைக்கருவிகள் பகுதியில நின்னு பாருங்க, பின்பக்கம் பல இனத்தவரோட குடிசைகளை அப்படியே கட்டி வச்சிருக்காங்க. அங்க இருந்து கிகாயா குன்றுல பஹாய் மதத்தோட ஆலயம், 1961-ல திறந்தது, ஒன்பது வாசல், சுத்திப் புல்வெளி. சாயங்காலம் ந்டேரே கலை மையத்துல நடனமும் முரசும். எல்லா நாளும் நிகழ்ச்சி கிடையாது, முன்கூட்டியே இடம் பிடிச்சுக்கோங்க.

[காட்சி: நீலக் கட்டம் போட்ட வெள்ளை வேன்]

போக்குவரத்துல வார்த்தைக் குழப்பம் ஒன்னு இருக்கு. அங்க டாக்ஸின்னா 14 பேர் உட்கார்ற ஷேர் வேன். ஆள் நிறைஞ்சாத்தான் கிளம்பும். பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கட்டணம் கேட்டுக்கோங்க, இறங்கணும்னா "மாசோ ஆவோ"ன்னு சத்தமா சொல்லுங்க. தனி வண்டி வேணும்னா "ஸ்பெஷல் ஹயர்"னு கேட்கணும். போடா போடாங்கிற பைக் டாக்ஸி நெரிசல்ல சீக்கிரம் போகும், ஆனா ஹெல்மெட் தராத வண்டியில ஏறாதீங்க, இறக்கத்துல வேகமா போவாங்க. நெரிசல்ல கார் ஜன்னல் வழியா போனைப் பறிக்கிறது உண்டு, கண்ணாடியை ஏத்தியே வைங்க.

இன்னொரு குழப்பம் மணி. லுகாண்டாங்கிற உள்ளூர் மொழியில நேரம் காலை ஏழுல இருந்து ஒன்னு, ரெண்டுன்னு எண்ணுவாங்க. "சாவா எமு"ன்னா ஒரு மணி, நம்ம கணக்குல ஏழு. ஓட்டுநர் லுகாண்டாவுல நேரம் சொன்னா ஆறைக் கூட்டிக்கோங்க.

பசிச்சா தெருவுல ரோலக்ஸ் கேளுங்க. சப்பாத்திக்குள்ள முட்டை ஆம்லெட்டும் தக்காளியும் வச்சுச் சுருட்டித் தருவாங்க. சப்பாத்தி இந்தியர்களோட அங்க போய்ச் சேர்ந்தது. வாழை இலையில வேக வச்ச மட்டோகேங்கிற வாழைக்காய் மசியலை நிலக்கடலைக் குழம்போட சாப்பிடுங்க, தனியா சாப்பிட்டா சப்புன்னு இருக்கும்.

விமான நிலையம் எண்டெபேல, ஊர்ல இருந்து சுமார் 40 கிலோமீட்டர். விரைவுச்சாலை வேகமா போகும், ஆனா அந்தச் சாலையைத் தொடுறதுக்குத்தான் நேரம் ஆகும். சாயங்கால விமானம்னா மதியமே கிளம்புங்க.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. அந்த மஞ்சள் அட்டையை உகாண்டாவுல மட்டும் இல்ல, திரும்பி இந்தியாவுல இறங்கும்போதும் கேட்பாங்க, இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம். அதனால அட்டையைப் பெட்டிக்குள்ள போட்டு அனுப்பாதீங்க, பாஸ்போர்ட்டுக்குள்ளயே வைங்க.